30 வருஷ லஸ்கர் வேலை, இன்னிக்கு கடைசி நாள் | பாலக்காட்டுச் சித்தூர் வாய்க்கா

வணக்கமுங்க எல்லாத்துக்கும். காத்து ஜாஸ்தியா அடிக்குது, சத்தம் கேக்குதான்னு தெரியல. இருங்க, மரத்துக்கு இந்தப் பக்கம் வந்துக்கறேன். ம், இப்ப சரி.

இன்னிக்கு மே 31, ஞாயித்துக்கிழமை. செண்டாஃப் நேத்தே ஆபீஸ்ல முடிஞ்சுது. மாலை, பொன்னாடை, பிரியாணி எல்லாம் நல்லா பண்ணுனாங்க. வீட்டுக்காரிய முன்வரிசையில உக்கார வெச்சாங்க. என்னைப் பேசச் சொன்னப்ப ரெண்டு வார்த்தைக்கு மேல வரல, தொண்டை அடைச்சுக்கிச்சு. அங்க பேச முடியாதத என் ஷட்டர் பக்கத்துல நின்னு பேசிரலாம்னு வந்துட்டேன். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நான் சர்வீஸ்லதான் இருக்கேன்.

புதுசா பாக்கறவங்களுக்குச் சொல்லிடறேன். பாசன வாய்க்கால்ல ஷட்டர் தொறக்கறது, மூடறது, எவ்வளவு தண்ணி போகுதுன்னு கேஜ் பாத்து எழுதறது, கரையில நடந்து ஒடைப்பு இருக்கான்னு பாக்கறது, இதெல்லாம் பண்றவனுக்கு லஸ்கர்னு பேரு. கேரளா அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வாணையப் பரீட்சை எழுதி 1996ல சேந்தேன். மடைச் சண்டை எல்லாம் தமிழ்ல நடக்கும், ரிப்போர்ட்டு மலையாளத்துல போகும். ரெண்டுக்கும் நடுவுல முப்பது வருஷம் ஓடிப்போச்சு.

கேரளாவுல மே 31ன்னா ஆயிரக்கணக்கான பேரு ஒரே நாள்ல ரிட்டையர் ஆவாங்க. ஏன்னு தெரியுமா? ஜூன் மாசம் பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப அஞ்சு வயசு நெறஞ்சிருக்கணும். அந்தக் காலத்துல வாத்தியாருங்க பொறந்த தேதிய மே மாசத்துல எழுதிருவாங்க. எங்கம்மா என்னைப் பெத்தது ஐப்பசியில, அடமழை நாள்ல. புத்தகத்துல நான் 1970 மே மாசத்துக்காரன். அதனால 56 வயசு எனக்கு இன்னிக்கு முடியுது.

அதே 1970 மே மாசம், 29ஆம் தேதிதான், ஆத்துத் தண்ணியப் பங்கு வெக்கற பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்துல தமிழ்நாடும் கேரளாவும் கையெழுத்துப் போட்டது. 1958 நவம்பர் 9லிருந்தே செல்லும்னு எழுதுனாங்க. அதுப்படி எங்க சித்தூர்ப் புழைக்கு, அதாவது ஆத்துக்கு, வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணிய தமிழ்நாடு மணக்கடவுங்கற எடத்துல அளந்து உடணும். ஜூலை 1லிருந்து அடுத்த ஜூன் 30 வரைக்கும் கணக்கு. அந்தத் தண்ணி மூலத்தறை ரெகுலேட்டருக்கு, அதாவது ஷட்டர் வெச்ச தடுப்பணைக்கு, வந்து, அங்கிருந்து வாய்க்காலுக்குப் பிரியும். நாங்க ரெண்டாம் போகம் நெல்லு வெக்கறதே அத நம்பித்தான். டிஎம்சின்னா என்னன்னு என் பேத்தி கேட்டா. நூறு கோடி கன அடி, லிட்டர்ல சொன்னா 2,800 கோடிக்கு மேலன்னேன். கண்ண அகலமா விரிச்சா. ஆனா லஸ்கருக்கு டிஎம்சியோட சோலி இல்லைங்க. எங்களுக்கு விநாடிக்கு எத்தனை கன அடிங்கறதுதான். விநாடிக்கு ஒரு கன அடி தண்ணி ஒரு நாள் முச்சூடும் ஓடுனா 24 லட்சம் லிட்டர் வரும். ஒரு சொட்டு வீணாகலைன்னா பன்னெண்டு ஏக்கர் வயல்ல ரெண்டு இஞ்ச் நிக்கும்.

ஆனா வீணாகும். நான் பேச வந்ததே அந்த வீணாகறதப் பத்தித்தான்.

கேமராவத் திருப்பறேன், பாருங்க. இப்ப வாய்க்கா காஞ்சு கெடக்கு, அதனால கரையோட உள்பக்கம் நல்லாத் தெரியும். இதா, இந்த ஓட்டை. நண்டு வளை. அதுக்குக் கீழ இருக்கறது எலி பறிச்சது. தண்ணி உட்டதும் இந்த வளை வழியாப் பூந்து கரைக்கு அந்தப் பக்கம் கசியும். நான் சேந்த புதுசுல கூட இருந்த பெரியவர் ஒரு விஷயம் சொல்லித் தந்தாரு. "கசிவு தெளிஞ்சு வந்தா பயப்படாதே. கலங்கி வந்தா மண்ண இழுத்துட்டு வருதுன்னு அர்த்தம், அப்ப ஓடிப் போயி மூட்டை போடு"ன்னாரு. ராத்திரி டார்ச்ச அடிச்சு, உள்ளங்கையில தண்ணிய அள்ளிப் பாத்துப் பழகுனேன். 2009 நவம்பர் வெள்ளத்துல மூலத்தறையே ஒடைஞ்சப்பவும் சரி, 2018லயும் சரி, என் கரையில ஒடைப்பு உழுகாமப் பாத்துக்கிட்டேன்னா அதுக்கு அவரு சொல்லித் தந்ததுதான் காரணம்.

அதே பாடத்துலதான் நான் தப்பும் பண்ணுனேன்.

2016ல மழை பொய்ச்சுது. அக்டோபர் கடைசியில கேரளா முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்க. வாய்க்கால்ல முறை வெச்சுத்தான் தண்ணி உட்டோம், கெளைக்கு இத்தனை மணி நேரம்னு. என் கெளையோட கடைமடையில ஒரு அக்காவுக்கு ஒன்றரை ஏக்கர். அவங்க வீட்டுக்காரர் இல்லை, தனியாத்தான் வெவசாயம். கதிர் பால் புடிக்கிற நேரம், ஒரே ஒரு தண்ணி போதும். என் முறை முடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி அந்த அக்கா மடையில நின்னுட்டு எனக்கு போன் பண்றாங்க. "தம்பி, மேல் வயலு வரைக்கும் வந்திருச்சு, எனக்கு இன்னும் எட்டல"ன்னு. நான் என்ன பண்ணட்டும்? அடுத்த கெளைக்காரங்க அவங்க மடையில காத்துக்கிட்டு நிக்கறாங்க. அவங்களுக்கும் பயிரு காயுது. நேரம் ஆனதும் மூடிட்டேன்.

நேரத்துக்கு மூடுனது தப்பில்லைங்க. இன்னிக்கும் அதத்தான் சொல்லுவேன். அடுத்த நாள் கரை வழியே நடந்து போனேன். ஷட்டருக்கும் அந்த அக்கா வயலுக்கும் நடுவுல நாலு எடத்துல கசிவு. எல்லாமே தெளிஞ்ச தண்ணி. அதுல ரெண்டு நான் முன்னாடியே பாத்து, தெளிவாத்தான் வருது, ஆபத்தில்லைன்னு உட்டுட்டு வந்தது. கரைக்குத்தான் ஆபத்தில்லை. அந்தத் தண்ணி எங்க போச்சு? ஓடையில போயி மண்ணுக்குள்ள எறங்கிருச்சு. அது அந்த அக்காவோட தண்ணி.

நெல்லு பதராப் போச்சு. வைக்கோலுக்குத்தான் அறுத்தாங்க. நான் போயி நின்னேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். மோர் கொண்டாந்து குடுத்தாங்க. "நீ வந்து பாத்தியே, இதுவரைக்கும் இங்க வரைக்கும் யாரு வந்திருக்காங்க"ன்னாங்க. அதக் கேட்டதுதாங்க எனக்குத் தாங்கல. சேந்து இருபது வருஷம் ஆகியிருந்தது அப்ப.

அதுக்கப்பறம் ஒவ்வொரு வருஷமும் தண்ணி உடறதுக்கு முன்னாடி, மம்பட்டியும் களிமண்ணுமா கடைமடை வரைக்கும் நடந்திருவேன். வளைய வெட்டித் தொறந்து, களிமண்ணு வெச்சு, காலால மிதிச்சு இறுக்கணும். மேலாக்க பூசுனா நண்டு மறுபடி பறிச்சிரும். இதுக்குன்னு தனியா சம்பளம் யாரும் தர்றதில்ல, கேஜ் புத்தகத்துல எழுதறதுக்குக் கட்டமும் இல்ல. ஆனா முறை வெச்சு உட்ட வருஷங்கள்லயும், நேரம் முடியறதுக்குள்ள கடைமடையில தண்ணி நின்னுது. என் சர்வீஸ்ல நான் பெருசா நெனைக்கறது இது ஒண்ணுதான்.

அந்த அக்கா நாலு வருஷம் முன்னாடி தவறிட்டாங்க. பசங்க கோயமுத்தூர்ல இருக்காங்க. அந்த ஒன்றரை ஏக்கர் இப்ப தென்னந்தோப்பு, கள்ளுக்கு உட்டிருக்காங்க. இந்தப் பக்கம் நெறைய வயலு அப்படி மாறிருச்சு. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

சரி, மணி நாலே முக்கால் ஆச்சு. இந்தா பாருங்க, இதான் ஷட்டர் சாவி. நான் சேந்தப்ப இருந்த அதே சாவி. புடி தேஞ்சு பளபளன்னு ஆயிருச்சு. ஒரு இஞ்ச் தூக்கறதுக்கு பன்னெண்டு சுத்து. போன வாரந்தான் மரைக்கு கிரீஸ் போட்டேன். ஜூன்ல மழை எறங்குனா துரு புடிக்காம இருக்கணும்ல.

எனக்கு அப்பறம் வர்ற பையன் கொழிஞ்சாம்பாறைக்காரன், நல்ல பையன். ஞாயித்துக்கிழமை வர வேண்டியதில்லைன்னேன், இல்லண்ணா வர்றேன்னான். அதா, வண்டிச் சத்தம் கேக்குது, அவனாத்தான் இருக்கும். நிறுத்திக்கறேனுங்க. வெளிச்சம் இருக்கறப்பவே அவனக் கூட்டிட்டுக் கடைமடை வரைக்கும் போகணும், அந்த நாலு எடத்தையும் காட்டணும்.