இன்னொரு மாத்திரை கூட்டுவதற்கு முன்

(பாளையங்கோட்டையில், இருதுருவ மனநோய் உள்ளவர்களின் குடும்பத்தாருக்காக நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆலங்குளம், அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று பல பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டியவர்களும் இருப்பீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த நோய் உள்ள வீடுகளில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “மூணு மாசமா மாத்திரை சாப்பிடுதான், ஆனாலும் எந்திரிக்காம படுத்தே கெடக்கான். இன்னொரு மாத்திரை கூட்டிக் குடுத்தா என்ன?” கூட்டலாம். எதைக் கூட்டுவது, எதையெல்லாம் சரிபார்த்த பிறகு கூட்டுவது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

இருதுருவ நோயில் ஒரு பக்கம் எழுச்சி. தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, கையிருப்பு கரையும். மறுபக்கம் சோர்வு. ஊர் பார்ப்பது எழுச்சியை. தெருவில் நின்று சத்தம் போட்டால் யாருக்குத்தான் தெரியாது? நோயாளி அதிக நாட்களைக் கழிப்பதோ சோர்வில். அந்தச் சோர்வு, எழுச்சியே வராதவர்களுக்கு வரும் சாதாரண மனச்சோர்வைப் போலத்தான் இருக்கும். மருந்துக்கு மட்டும் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

சாதாரண மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் வகை மாத்திரைகளைத்தான் இங்கே சோர்வு மாத்திரை என்கிறேன். லித்தியம், வால்புரோயேட் போன்ற, மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு, சோர்வு மாத்திரையையும் சேர்த்தால் பலன் கூடுமா என்று அமெரிக்காவில் 366 பேரிடம் 26 வாரம் வரை சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். பாரோக்செட்டின் அல்லது புப்ரோபியான் சேர்த்தவர்களில் தொடர்ந்து 8 வாரம் நன்றாக இருந்தவர்கள் 23.5 சதவீதம். மருந்தில்லாத வெற்று மாத்திரை சேர்த்தவர்களில் 27.3 சதவீதம். அதாவது சோர்வு மாத்திரையால் கூடுதல் பலன் இல்லை. அந்தச் சோதனையில் எழுச்சியும் அதிகமாகவில்லை என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். ஆனால் அவர்கள் எல்லோரும் நிலைப்படுத்தும் மருந்தோடு இருந்தவர்கள். அந்தக் காவல் இல்லாமல் சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் எழுச்சிக்குத் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. வென்லாஃபாக்சினிலும் பழைய இமிப்ரமின் வகைகளிலும் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று கலப்பு நிலை. ஆள் அழுகிறார், சாக வேண்டும் என்கிறார்; அதே சமயம் உட்கார முடியாமல் நடக்கிறார், மனதுக்குள் எண்ணங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். வீட்டார் இதையும் சோர்வு என்றே சொல்வார்கள். இந்த நிலையில் சோர்வு மாத்திரையைக் கூட்டுவது எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை. “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார், தூங்காத மறுநாள் களைப்பாக இருந்தாரா, துறுதுறுவென்று இருந்தாரா” என்பதை எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு உங்கள் கண்ணீரைவிட அந்தக் குறிப்பு உதவும்.

சரி, கூட்டுவதற்கு முன் அடித்தளம். நம்மூரில் அதிகம் தவறுவது இங்கேதான்.

லித்தியம் இந்த நோய்க்கு உதவும் என்று 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் கண்டு சொன்னார். அது வேலை செய்கிறதா என்பதை ரத்தத்தில் உள்ள அளவை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்; எத்தனை மாத்திரை என்பதை வைத்து முடியாது. நீண்ட காலப் பாதுகாப்புக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் தேவை. 0.3இல் வைத்துக்கொண்டு “லித்தியம் கேட்கவில்லை” என்று அடுத்த மருந்துக்குப் போவது அரைப்படி அரிசி போட்டுவிட்டுச் சோறு பற்றவில்லை என்பது மாதிரி. ஆனால் 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. இவ்வளவு குறுகிய வரப்பின் மேல் நடக்கிற மருந்து வேறு அதிகம் கிடையாது.

ரத்தம் எடுக்கும் நேரம் முக்கியம். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டால் காலை 9 மணிக்கு, காலை மாத்திரையைப் போடாமல் போங்கள். மாத்திரையை விழுங்கிவிட்டுப் பத்து மணிக்கு லேபுக்குப் போனால் அளவு பொய்யாக ஏறித் தெரியும், மருத்துவர் மருந்தைக் குறைப்பார், நோய் திரும்பும். அளவை மாற்றினால் அடுத்த பரிசோதனை 5 முதல் 7 நாள் கழித்து. இன்னொரு நுணுக்கம்: சில ரத்தக் குழாய்களில் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பாரின் பூசியிருக்கும், பெரும்பாலும் பச்சை மூடி. அதில் எடுத்தால் குழாயில் உள்ள லித்தியமும் கணக்கில் சேர்ந்துவிடும். “லித்தியம் டெஸ்ட்” என்று லேபில் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

அளவு திடீரென்று ஏறுவதற்கு நம் ஊர்க் காரணங்கள் உண்டு. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குக் கழுத்தும் இடுப்பும் ஓயாமல் வலிக்கும். மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். இவை லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றவிடாமல் தடுக்கும். லித்தியம் சாப்பிடுகிறவர் வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். ரத்த அழுத்த மாத்திரைகளில் டெல்மிசார்ட்டான், எனலாப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு மூன்றும் இதே வேலையைச் செய்யும். முதலும் மூன்றாவதும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே விற்கிறது. பிரஷர் பார்க்கும் மருத்துவரிடம் லித்தியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். அவர் “உப்பைக் குறை” என்றதும் திடீரென்று உப்பில்லாச் சோறு சாப்பிட ஆரம்பித்தாலும் லித்தியம் உடம்பில் தங்கும்.

பிறகு வெயில். அக்னி நட்சத்திரத்தில் வேர்த்து ஒழுகினாலும், திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் உடம்பில் நீரும் உப்பும் குறைந்து லித்தியம் ஏறும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்களும், மேலப்பாளையத்தில் ரமலான் நோன்பு வைப்பவர்களும் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நெருஞ்சில் குடிநீர் போல நீர் பிரிக்கும் கஷாயம் குடிப்பவர்கள் அதை இரண்டு மருத்துவரிடமும், அதாவது சித்த மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும், சொல்லுங்கள். கை லேசாக நடுங்குவது லித்தியத்தில் சகஜம். நடுக்கம் பெரிதாகி, வாந்தி, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

லித்தியம் தைராய்டையும் அடக்கும். தைராய்டு குறைந்தாலே சோர்வு, தூக்கம், மந்தம். டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்க்காமல் மனச்சோர்வு மருந்து கூட்டுவது வீண் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டு, கிரியாட்டினின், கால்சியம் மூன்றையும் பாருங்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். சாராயம் நிற்காமல் எந்தக் கூட்டு மருந்தின் பலனையும் அளக்க முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சோர்வு நீங்கவில்லை என்றால், இப்போது கூட்டலாம். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக ஆரம்பித்தால் நன்மை எதனால், தீமை எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

சோர்வு மிகுந்து தூக்கமும் கெட்டவருக்கு குவெட்டியாபின் நல்ல தேர்வு. ராத்திரியில் 50, 100, 200, 300 மில்லிகிராம் என்று நான்கு நாளில் ஏற்றுவது வழக்கம். 300க்கும் 600க்கும் பலனில் வித்தியாசம் இல்லை என்று சோதனைகள் காட்டிவிட்டன. அதனால் 300 கேட்கவில்லை என்று 600க்கு ஓடுவதில் பெரிய லாபம் இல்லை. காலையில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். வயதானவர்கள் கட்டில் ஓரம் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழ வேண்டும். எடை கூடும், சர்க்கரை ஏறும். ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு எழுதி வைத்து மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். ஓலான்சபினோடு ஃப்ளூஆக்செட்டின் சேர்த்த கூட்டு 2003இலேயே அமெரிக்காவில் இந்தச் சோர்வுக்கென்று அனுமதி பெற்றது. சோர்வு மாத்திரைக்கு இந்த நோயில் உறுதியான இடம் இருப்பது இந்தக் கூட்டில்தான் என்றே சொல்லலாம். ஆனால் எடை ஏற்றத்தில் இதுதான் மோசம்.

எடைக்குப் பயப்படுகிறவர்களுக்கு லுராசிடோன். லித்தியத்தோடோ வால்புரோயேட்டோடோ சேர்க்கலாம். 20 மில்லிகிராமில் ஆரம்பம். இதில் தோற்பது பெரும்பாலும் மருந்தல்ல, சாப்பாடு. குறைந்தது 350 கலோரி உணவோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சேர்வது ஏறக்குறைய பாதியாகிவிடும். சோர்வில் இருப்பவர் ராத்திரி இரண்டு இட்லியை நிமிண்டிவிட்டு மாத்திரை போட்டால் அது கணக்கில் வராது. ஒரு தட்டுச் சோறும் குழம்பும் சாப்பிடுகிற வேளைக்கு மாத்திரையை மாற்றுங்கள். கரிப்ரசைன் 1.5 முதல் 3 மில்லிகிராமும் இந்த வரிசையில் உண்டு. அது சிலரை இருப்புக் கொள்ளாமல் அலைய வைக்கும். அதைக் கண்டு நோய் முற்றிவிட்டது என்று நினைத்து அளவை ஏற்றினால் அலைச்சல் இன்னும் கூடும்.

லாமோட்ரிஜின் தனி ரகம். எடை கூடாது, தூக்கக் கலக்கம் வராது, சோர்வு திரும்பாமல் தடுக்கும். அவசரம் மட்டும் அதற்கு ஆகாது. முதல் இரண்டு வாரம் தினம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50, ஐந்தாவது வாரம் 100, பிறகு 200. வால்புரோயேட் சாப்பிடுகிறவருக்கு எல்லாம் பாதி: முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் 25. வால்புரோயேட் இதை ரத்தத்தில் இரண்டு மடங்காக்கிவிடும் என்பதே காரணம். வேகமாக ஏற்றினால் தோல் தடிப்பு வரும். சிலருக்கு வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும். முதல் எட்டு வாரத்தில் தடிப்பு வந்தால் “வேர்க்குரு” என்று பவுடர் போட்டுக் காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால், விட்ட இடத்தில் தொடரக் கூடாது. மருத்துவரிடம் கேட்டு மறுபடி 25இலிருந்து. ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிட்டு வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

குவெட்டியாபினோடு லாமோட்ரிஜின் சேர்த்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2016இல் வந்தது. பலன் தெரிந்தது. ஆனால் கூடவே ஃபோலிக் அமிலம் கொடுக்கப்பட்டவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. ஒரே ஆய்வு, முடிந்த முடிவல்ல. இருந்தாலும் சத்து மாத்திரை தானே என்று போட்டுக்கொள்வதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் ஃபோலிக் அமிலத்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட் எழுதப்பட்டிருந்தால் கல்யாணத்துக்கு முன்பே அதைப் பேசி மாற்ற வேண்டும்; கருவிலுள்ள பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்கு உறுப்புக் குறை வருகிறது. கர்ப்பத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் லாமோட்ரிஜினைப் பாதியாகக் குறைக்கும் என்பதையும் யாரும் கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

மருந்தோடு சேர்க்க வேண்டியவற்றில் முதலில் தூக்கம். தினம் ஒரே நேரத்தில் எழுவது, படுப்பதைவிட முக்கியம். நம்மூரில் இதற்குச் சோதனை கொடை விழா. சாமக்கொடைக்கு விடிய விடிய முழித்திருந்து மறுநாளே எழுச்சி பிடித்துக்கொள்வது புதிதல்ல. சாமியைக் கும்பிட்டுவிட்டு இரவு 10 மணிக்கு வீடு திரும்பட்டும். வில்லுப்பாட்டு பகலிலும் கேட்கும். குடும்பத்தையும் உட்கார வைத்துச் செய்யும் ஆலோசனை, நடத்தைச் சிகிச்சை, அன்றாட ஒழுங்குச் சிகிச்சை ஆகியவற்றில் ஒன்றை மருந்தோடு சேர்த்தவர்களில் ஓராண்டில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள்; சுருக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 52. அதுவும் 2007இல் வந்த முடிவுதான். ஒரு மாத்திரையைச் சேர்த்தும் கிடைக்காத வித்தியாசம் பேச்சில் கிடைத்தது.

ஒளிச் சிகிச்சையும் உண்டு. 7000 லக்ஸ் விளக்கின் முன் நண்பகலுக்கும் 2.30 மணிக்கும் இடையில், 15 நிமிடத்தில் தொடங்கி வாரம் 15 நிமிடமாக ஒரு மணி நேரம் வரை கூட்டிய சிறிய சோதனை 2018இல் நல்ல பலன் காட்டியது. காலை நேர ஒளி சிலருக்கு எழுச்சியைக் கிளப்பும் என்பதால்தான் நண்பகல். நம் வெயிலில் போய் நிற்கச் சொல்லவில்லை, லித்தியத்தை மறந்துவிடாதீர்கள்.

எதற்கும் அசையாமல், சாப்பிடாமல் கிடப்பவருக்கு மின் சிகிச்சை. சினிமாவில் காட்டுவது மாதிரி கிடையாது. மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் செய்வதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று முறையாக 6 முதல் 12 தடவை. லித்தியத்தை அப்போது குறைப்பார்கள் அல்லது நிறுத்தி வைப்பார்கள், குழப்பம் அதிகமாகாமல் இருக்க. சில வாரத்துக்கு ஞாபகம் தடுமாறும். அதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொன்னால் பயப்பட மாட்டார்கள்.

நன்றாகிவிட்டதும் வருவது நிறுத்தும் ஆசை. லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் எழுச்சி திரும்பும், தற்கொலை ஆபத்தும் கூடும். குறைப்பதானால் மருத்துவர் சொல்லி, குறைந்தது நான்கு வாரத்தில், முடிந்தால் மூன்று மாதத்தில் படிப்படியாக. அதே லித்தியம் மொத்தமாக விழுங்கினால் உயிரைக் கொல்லும். சாவைப் பற்றிப் பேசுகிறவர் வீட்டில் ஒரு மாத மாத்திரையை அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கி, வீட்டில் பொறுப்பானவர் கையில் பூட்டி வைத்து, வேளைக்கு எடுத்துக் கொடுத்து விழுங்குவதைப் பாருங்கள். வயல் வேலை இருக்கிற வீட்டில் பூச்சி மருந்துக்கும் அதே பூட்டு. நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எப்போதும் இலவசம், தமிழிலேயே பேசலாம். முதல் வாக்கியத்திலேயே “லித்தியம் சாப்பிடுகிறவர்” என்று சொல்லிவிடுங்கள்.