உரும்பிராய் மதகும் என் தாத்தாவும்

வணக்கம். இன்று நான் வெளியில் எங்கும் செல்லவில்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். எனக்குப் பின்னால் தெரிகின்ற கறுப்புத் தகரப் பெட்டி என் தாத்தாவுடையது. மூடியின் மேல் வெள்ளை பெயின்ட்டில் எழுதியிருந்த படை எண்ணும் பெயரும் பாதி உதிர்ந்துவிட்டன. அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, போன மாதம்தான் ஆயா இதன் சாவியை என் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு கம்பளி, ஒரு பித்தளைத் தட்டு, நூல் கட்டிய இன்லேண்ட் கடிதங்கள், இவ்வளவுதான் இருந்தன. ஆனால் இந்தக் கடிதங்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு வாரம் இடைவெளி இருக்கிறது. அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போவது அதிசயம் இல்லை. பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தாத்தா 1969-ஆம் ஆண்டு, தம் 19-ஆவது வயதில், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1780-இல் தொடங்கப்பட்ட அந்தப் படையின் மையம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே இருக்கிறது. பாலம் போடுவதும், பாதை அமைப்பதும், எதிரி புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுப்பதும் அவர்களுடைய வேலை. அந்தப் படையின் சிப்பாய்களைத் 'தம்பி' என்று அழைப்பது ராணுவத்தில் நெடுங்கால வழக்கம். தமிழில் வேறு ஒரு சொல்லும் தெரியாத பஞ்சாபி அதிகாரிகூடத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவாராம். இந்தச் சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1971-ஆம் ஆண்டுப் போரைப் பற்றி எங்கள் தாத்தா எப்போது கேட்டாலும் சொல்வார். மேற்கு எல்லையில் இரவு நேரத்தில் கண்ணிவெடிகளை அகற்றி, டாங்கிகள் போவதற்கு வெள்ளை நாடா கட்டிப் பாதை காட்டியதைக் கைகளை விரித்துக் காட்டிச் சொல்வார். ஆனால் 1987-இல் இலங்கைக்குப் போனதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். இலங்கையில் தமிழருக்கும் அந்நாட்டு அரசுக்கும் நடந்த ஒரு போரில், மூன்றாவது ஆளாகப் போய் நின்ற ராணுவத்தில் ஒரு தமிழனாக இருந்தது அவருக்கு அவமானமாக இருந்திருக்கும் என்று நாங்கள் எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணம் முழுவதும் சரியில்லை என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உடனே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள பலாலி விமான நிலையத்தில் போய் இறங்கியது. இதோ, ஆகஸ்ட் மாதக் கடிதம். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், அப்போது 14 வயதுப் பையனாக இருந்த என் அப்பாதான் உரக்கப் படித்துக் காட்டுவார். அதில் தாத்தா எழுதியிருப்பதைப் படிக்கிறேன்: "இங்கே ஜனங்கள் மாலை போட்டு எங்களை வரவேற்றார்கள். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது. நம் ஏற்றம் மாதிரியே துலா வைத்து இறைக்கிறார்கள். மண் மட்டும் சிவப்பு. அவர்கள் பேசும் தமிழ் முதலில் பாட்டு மாதிரி கேட்டது, இப்போது புரிகிறது." செப்டம்பரில் இரண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. அதன் பிறகு எதுவும் வரவில்லை.

அந்த நாட்களில் அங்கே நடந்தது என்னவென்றால், செப்டம்பர் 26 அன்று நல்லூரில் விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். அக்டோபர் 5 அன்று பலாலி முகாமில் பிடித்து வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகளில் 12 பேர் சயனைடு அருந்தி உயிரை விட்டார்கள். அக்டோபர் 10 அன்று, மாலை வாங்கிய அதே ராணுவம் புலிகளிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடிப்பதற்கான சண்டையைத் தொடங்கியது. மக்கள் ஆயிரக்கணக்கில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் போய் ஒடுங்கினார்கள். அக்டோபர் 21 அன்று, தீபாவளி நாளில், யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் உயிரிழந்தார்கள். என் தாத்தா அணிந்த அதே சீருடையை அணிந்தவர்கள் செய்த செயல் அது. அதை விட்டுவிட்டு அவருடைய கதையை மட்டும் நான் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. கடிதம் வராத வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்று ஆயா அடுப்பையே மூட்டவில்லை. இரவில் பக்கத்து வீட்டு ரேடியோவில் லண்டன் தமிழோசையைக் கேட்பதற்காக, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவாராம். "செத்துட்டவங்க பேரைச் சொல்ல மாட்டான், எண்ணிக்கை மட்டும் சொல்லுவான். அந்த எண்ணிக்கையில உங்க தாத்தா கீறாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஆயா இன்றைக்கும் கேட்கிறார்.

நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. "நலம். பயப்பட வேண்டாம். பையனை நன்றாகப் படிக்கச் சொல்." மூன்றே வரிகள்தான். பிறகு வந்த கடிதங்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன.

1990 மார்ச் 24 அன்று கடைசி இந்திய வீரர் திருகோணமலையிலிருந்து கப்பலேறினார். 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அதற்குள் அங்கே உயிரிழந்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் திரும்பி வந்த படையை வரவேற்க அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழ்நாட்டின் மனநிலை அன்று அப்படி இருந்தது. ஊருக்குத் திரும்பிய தாத்தாவிடம் டீக்கடையில் ஒருவர், "நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்தியா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். தாத்தா பதில் சொல்லாமல் டீயைக் குடித்து முடித்து, காசு வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்தக் கடைக்கு மறுபடி அவர் போகவே இல்லை.

ஆனாலும் இலங்கை எங்கள் ஊரை விட்டபாடில்லை. கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனைப் பிரிட்டிஷார் வேலூர்க் கோட்டையில்தான் சிறை வைத்தார்கள். 1832-இல் இறந்த அவனுடைய சமாதி இன்றும் பாலாற்றங்கரையில் முத்து மண்டபமாக இருக்கிறது. அதே கோட்டையின் திப்பு மகாலில் அடைத்து வைக்கப்பட்டிருந்த புலிகளில் 43 பேர் 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். ஊரே பதறிய அந்த நாளில் தாத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்று அப்பா சொல்வார்: "அவ்ளோ மண்ணையும் எங்கே கொட்டினாங்க?"

மண்ணைப் பார்க்காமல் தாத்தாவால் நடக்க முடியாது. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் அவரோடு கொல்லைக்குப் போயிருக்கிறேன். புதிதாகக் கிளறிய மண்ணோ, ஒரு இடத்தில் மட்டும் நிறம் மாறிய மண்ணோ தெரிந்தால் அவருடைய கால் தானாக நின்றுவிடும். செடியைப் பற்றி இழுப்பதற்கு முன்னால், நான்கு விரல்களைச் சாய்வாக மண்ணுக்குள் விட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். கடலைதான் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு செடிக்கும் அப்படித்தான் செய்வார்.

இப்போது 2012-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். எனக்கு அப்போது 12 வயது. அத்தையின் திருமணத்துக்காக வீட்டுக்கு பெயின்ட் அடிக்க, மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஒருவர் வந்தார். சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டே அவர் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்று எதற்கோ பதில் சொன்னதைக் கேட்டதும், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா நிமிர்ந்தார். "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். "உரும்பிராய், ஐயா" என்றார் அவர். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. தாத்தா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் தாத்தாவே டீ போட்டு எடுத்து வந்து அவரிடம் கொடுத்தார். இருவரும் வாசலில் உட்கார்ந்தார்கள். "எண்பத்தேழுல நான் அங்கே இருந்தேன். பட்டாளத்துல" என்று தாத்தா சொன்னபோது, அந்த மனிதர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு எட்டு வயது. குடும்பத்தோடு நல்லூர்க் கோயிலில் இருந்திருக்கிறார். பிறகு கேட்டார்: "அப்ப நீங்களும் எங்கட சனத்தோடை தமிழிலதான் கதைச்சனீங்களோ, ஐயா?"

"ஜனங்ககிட்ட தமிழ்தாம்பா. ஆர்டர்தான் இந்தில வரும்" என்றார் தாத்தா.

பிறகுதான், 25 ஆண்டுகளாக ஆயாவிடம்கூடச் சொல்லாத அந்த விஷயத்தைச் சொன்னார். உரும்பிராய்ச் சந்திக்குக் கிழக்கே, கோப்பாய் போகின்ற சாலையில், அவருடைய பிரிவு முன்னால் நடந்து கண்ணிவெடி பார்த்துக்கொண்டு போயிருக்கிறது. புலிகள் பிளாஸ்டிக் கேன்களில் வெடிமருந்தை நிரப்பிப் புதைத்ததால், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவியை முழுவதும் நம்ப முடியாது. கண்ணையும் குத்தூசியையும்தான் நம்ப வேண்டும். தென்னங்கீற்றால் பின்னிய கிடுகு வேலிக்குப் பின்னால், படலை என்கிற வேலிக் கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்துகொண்டு ஒரு வயதான அம்மா நின்றிருக்கிறார். வெற்றிலைக் கறை படிந்த வாய், வெறும் கழுத்து. தாத்தா தன் பக்கத்து ஆளிடம் தமிழில் ஏதோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. தாத்தாவைப் பார்த்து மிகத் தணிந்த குரலில், "தம்பி, அந்த மதகிலை கால் வைக்காதை. சுத்திப் போ, ராசா" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டார். தாத்தா குப்புறப் படுத்து ஊர்ந்து போய்ப் பார்த்தபோது, சாலைக்கு அடியில் தண்ணீர் போகின்ற அந்தச் சிறு மதகின் ஓரப் புல்லுக்குள் ஒரு ஒயர் போயிருந்தது.

அதிகாரி கேட்டபோது, ஒயர் என் கண்ணில் பட்டது என்றுதான் தாத்தா சொன்னார். ராணுவத்துக்குத் தகவல் சொன்னவர்களைத் துரோகி என்று மின்கம்பத்தில் கட்டிச் சுட்ட காலம் அது. யார் காதில் எந்தப் பேச்சு விழும், யார் வாயிலிருந்து எது எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. எனவே அந்த அம்மாவைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் சொல்லாமல் இருந்ததை நாங்கள் அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவரோ ஒரு கிழவியின் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்து, போர் 2009-இல் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகும் வரை வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

பெயின்டர் தம் குச்சியை எடுத்து வாசல் மண்ணில் கோடு போட்டார். இது பலாலி வீதி, இது சந்தி, இது கோப்பாய்ப் பக்கம் என்று காட்டினார். தாத்தா விரலால் மதகை வைத்தார். "அது இன்னும் கொஞ்சம் தள்ளி, ஐயா" என்று அவர் அழித்துச் சரியாக வைத்தார். ஒரு மணி நேரம் போல இருவரும் அந்த மண்ணில் வீடுகளையும் கிணறுகளையும் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த அம்மா யார் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. 1990-இல் படகேறி வந்த பிறகு அவர் ஊர்ப்பக்கம் போகவே இல்லை. மறுநாள் விடியற்காலையில் ஆயா சாணம் தெளித்துக் கோலம் போட்டபோது, அந்த வரைபடம் இருந்த மூலையை மட்டும் விட்டுவிட்டார்.

உரும்பிராயிலிருந்தோ கோப்பாயிலிருந்தோ யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சந்திக்குக் கிழக்கே அந்த மதகுக்குப் பக்கத்துக் கிடுகு வேலி வீட்டில், 1987-இல் வெற்றிலை போடுகின்ற ஒரு வயதான அம்மா இருந்தார். அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எங்கே இருந்தாலும் அவர்களிடம் சொல்லுங்கள்: அன்று அவர் 'ராசா' என்று கூப்பிட்ட தம்பி மதகைச் சுற்றிப் போனார், ஊருக்கு வந்து சேர்ந்தார், 71 வயது வரை இருந்தார்.