மாஸ்கோக்காரங்க ஏன் ஜார்ஜியா சாப்பாட்ட விடவே மாட்டேங்குறாங்க?

[திரையில்: பனி விழும் மாலை. ஒரு ஹோட்டல் கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சிருக்கு.]

மாஸ்கோல ஒரு குளிர்கால ராத்திரி. ஒரு ரஷ்யக் குடும்பம், பாட்டிக்குப் பொறந்தநாள், வெளிய போய் நல்லா சாப்பிடணும்னு கிளம்புறாங்க. எங்க போவாங்க? ரஷ்யச் சாப்பாட்டுக்கா? அத பாட்டியே வீட்ல இதவிட நல்லா செஞ்சிருவாங்க. பெரும்பாலும் போய் உக்காருறது ஒரு ஜார்ஜியா ஹோட்டல்ல.

நம்ம ஊர்ல மூணு வேளையும் இட்லி, சோறுன்னு சாப்பிடுற குடும்பம், வெளிய போனா நானும் பன்னீர் பட்டர் மசாலாவும் சொல்றோம்ல, அந்த மாதிரிதான். அது வேற யாரோ ஒருத்தரோட சாப்பாடுங்குற நெனப்பே வராது. மாஸ்கோல ஜார்ஜியாச் சாப்பாடு அப்படி ஆகிப்போச்சு. இத்தனைக்கும் ஜார்ஜியா தனி நாடு, தனி மொழி, தனி எழுத்து. 2008 ஆகஸ்ட்ல இந்த ரெண்டு நாட்டுக்கும் போரே நடந்துச்சு.

அப்புறம் எப்படி இந்தச் சாப்பாடு அங்க போய் இப்படி உக்காந்துச்சு? அந்த மெனு கார்டுல இருக்கறதெல்லாம் உண்மையில எந்த ஊர்ச் சாப்பாடு? அதான் இன்னைக்கு.

[திரையில்: வரைபடம். கருங்கடல், காக்கசஸ் மலை, நடுவுல ஜார்ஜியா.]

முதல்ல மேப்ப பாத்துருவோம். வடக்க காக்கசஸ் மலை, மேற்க கருங்கடல். பரப்பளவு கிட்டத்தட்ட 70,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஜனத்தொகை 40 லட்சம் கூட இல்ல. நாட்டுக்கு நடுவுல லிகின்னு ஒரு மலைத்தொடர் குறுக்க ஓடுது. அதுக்கு மேற்க மழை ஜாஸ்தி, மக்காச்சோளம், அக்ரூட், காரம். கிழக்க கோதுமை, திராட்சை, இறைச்சி. இந்த ஒரு கோட்ட மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, அப்புறம் தேவைப்படும்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளை மாஸ்கோ. இன்னைக்கு திவெர்ஸ்காயான்னு சொல்ற பெரிய தெரு.]

1930கள்ல சோவியத் யூனியன ஆண்ட ஸ்டாலின் ஜார்ஜியாக்காரர், கோரிங்குற ஊர்ல பொறந்தவர். 1938ல அவரோட ரகசிய போலீசுக்குத் தலைவரா வந்த பெரியாவும் ஜார்ஜியாக்காரர். மேல இருக்கறவங்க எதச் சாப்பிடுறாங்களோ அதுக்குத்தான மவுசு? அந்தச் சமயத்துலதான் மாஸ்கோவோட முக்கியமான தெருவுல 'அராக்வி'ன்னு ஒரு ஜார்ஜியா ரெஸ்டாரன்ட் வந்துச்சு. அராக்விங்கறது ஜார்ஜியால ஓடுற ஒரு ஆறு. கட்சிக்காரங்க, நடிகருங்க, எழுத்தாளருங்க, உளவுத்துறை ஆளுங்க எல்லாரும் போற எடமாச்சு. உள்ள எடம் கெடைக்கறதே பெரிய கௌரவம்.

அங்க பேர் வாங்குன ஐட்டம் ஒண்ணு, 'டபாகா' கோழி. முழுக் கோழிய நெஞ்சுப் பக்கம் பிளந்து, விரிச்சு, மேல கனமா ஏதாவது வெச்சு அழுத்தி, தோல் மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் வறுக்கறது. ஜார்ஜிய மொழில 'டபா'ன்னா அந்த வாணலி. சட்டியோட பேரே கோழிக்கு வந்துருச்சு. சோவியத் நாடு முழுக்க எல்லார் வீட்டுலயும் இத செஞ்சு பாத்தாங்க, மேல இஸ்திரிப்பெட்டிய வெச்செல்லாம்.

ஆனா அராக்வி பெரிய மனுசங்களுக்கு. சாதாரண ஜனங்களுக்கு ஜார்ஜியா வந்தது சந்தை வழியா. மாஸ்கோல அப்பல்லாம் குளிர்காலத்துல ஒரு பச்சை இலையக் கண்ணால பாக்க முடியாது. அந்த நேரத்துல தெற்குலேர்ந்து ஒருத்தர் வந்து கொத்தமல்லியும் ஆரஞ்சுப் பழமும் காரப் பொடியும் விக்கறாரு. அந்த வாசனைதான் அவங்களுக்கு ஜார்ஜியா. கோடைல ரயில் ஏறி கருங்கடல் கரைக்குப் போறவங்களும் அங்க சாப்பிட்ட ருசிய நாக்குலயே தூக்கிட்டு வந்தாங்க.

அராக்விய 2003ல மூடினாங்க. 2016ல புதுப்பிச்சு மறுபடி திறந்தாங்க. அதுவும் ரொம்ப நாள் நிக்கல. பரவாயில்ல, அதுக்குள்ள ஜார்ஜியா ஹோட்டல் தெருவுக்குத் தெரு வந்துருச்சு.

[திரையில்: இசை நிற்கிறது. '2006'.]

இப்ப கொஞ்சம் கசப்பான பகுதி. 2006 வசந்த காலத்துல ரஷ்யா ஜார்ஜியா ஒயினுக்குத் தடை போட்டுச்சு. தரம் சரியில்லன்னு காரணம் சொன்னாங்க. ரெண்டு நாட்டுக்கும் இடையில உறவு மோசமாகிட்டே வந்த நேரம் அது. அடுத்து போர்ஜோமிங்குற மினரல் வாட்டருக்கும் தடை. அதே வருசம் செப்டம்பர் கடைசில ஜார்ஜியா நாலு ரஷ்ய அதிகாரிகள உளவாளின்னு சொல்லிப் புடிச்சதும், ரஷ்யால இருந்த ஜார்ஜியாக்காரங்கள ஆயிரக்கணக்குல புடிச்சு நாடு கடத்துனாங்க. மாஸ்கோல ஜார்ஜியாக்காரங்க நடத்துன ஹோட்டல்கள்லயும் ரெய்டு. 2014ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த நாடு கடத்தல் தப்புன்னு தீர்ப்பு சொல்லுச்சு.

யோசிச்சுப் பாருங்க. சமைச்சவங்கள விமானத்துல ஏத்தி அனுப்பிட்டு, சமையல மட்டும் மேசையில வெச்சுக்கிட்டாங்க. 2013ல ஒயினும் தண்ணியும் திரும்ப வந்துச்சு. எனக்கு இந்தக் கதை தெரிஞ்சதுக்கு அப்புறம், ஏதாவது மெனுல "நம்ம பாரம்பரிய காக்கசஸ் உணவு"ன்னு பொத்தாம்பொதுவா போட்டிருந்தா கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கு. எந்த ஊர், யாரோட உணவுன்னு சொல்லிட்டுப் போறதுல என்ன குறைஞ்சிரப் போகுது?

சரி, அவங்க சொல்லலன்னா நாம கண்டுபிடிப்போம். மெனுவ திறங்க.

[திரையில்: படகு மாதிரி ரொட்டி, நடுவுல உருகுன சீஸ், மேல முட்டை மஞ்சக்கரு.]

கச்சாபுரி. அந்த 'க'வ தொண்டைலேர்ந்து காறுற மாதிரி சொல்லணும். 'கச்சோ'ன்னா ஒரு வகைப் பாலாடைக்கட்டி, 'புரி'ன்னா ரொட்டி. நம்ம பூரின்னு நெனச்சு ஆர்டர் பண்ணாதீங்க. ஒண்ணு வந்தாலே ரெண்டு பேருக்குத் தாங்கும்.

மெனுல கச்சாபுரின்னு நாலஞ்சு வரும். பேருக்குப் பக்கத்துல இருக்கறதுதான் ஊரு. 'இமெருலி'ன்னா மேற்க இமெரெத்தி பக்கம்: வட்டமா, சீஸ உள்ள வெச்சு மூடி சுட்டது, பராட்டாவுக்குள்ள ஸ்டஃப் பண்ண மாதிரி. 'மெக்ருலி'ன்னா சமெக்ரெலோ பக்கம்: அதே வட்டம், ஆனா மேலயும் இன்னொரு அடுக்கு சீஸ். 'அஜாருலி'ன்னா கருங்கடல் கரை, பதூமி ஊரு இருக்கற பக்கம். இன்ஸ்டாகிராம்ல நீங்க பாக்குற அந்தப் படகு இதுதான். கடல்காரங்க, படகு மாதிரி செஞ்சிருக்காங்க. அடுப்புலேர்ந்து எடுத்த சூட்டுல முட்டைய ஊத்தி, ஒரு துண்டு வெண்ணெய் போட்டுக் கொண்டு வருவாங்க. போட்டோ எடுத்துட்டு உக்காந்திருந்தீங்கன்னா அவ்வளவுதான், சீஸ் இறுகிரும். உடனே ஃபோர்க்க விட்டு முட்டை, வெண்ணெய், சீஸ் எல்லாத்தையும் கலக்கணும். அப்புறம் படகோட நுனிய கையால பிச்சு, நடுவுல தொட்டுச் சாப்பிடணும்.

இது அவங்களுக்கு எவ்வளவு அடிப்படைன்னா, தலைநகரம் திபிலிசில ஒரு பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம் 'கச்சாபுரி இண்டெக்ஸ்'னே ஒண்ணு போடுது. ஒரு இமெருலி கச்சாபுரி வீட்ல செய்ய மாவு, சீஸ், முட்டை, பால், வெண்ணெய், கேஸ், கரண்ட் எல்லாம் சேத்து என்ன செலவாகுதுன்னு பாத்து விலைவாசிய அளக்குறாங்க.

[திரையில்: ஒரு தட்டுல குடுமி வெச்ச கொழுக்கட்டைகள், மேல கறுப்பு மிளகுத்தூள்.]

அடுத்தது கின்காலி. மலைல ஆடு மேச்சவங்க ஊர்ச் சாப்பாடு. பாக்க நம்ம மோதகக் கொழுக்கட்டையேதான், மடிப்பு மடிப்பா எடுத்து மேல குடுமி. உள்ள பச்சைக் கறியும் வெங்காயமும் தண்ணி சேத்துப் பெசஞ்சு வெச்சிருப்பாங்க. வேகும்போது கறில இருந்து சாறு எறங்கி, உள்ளுக்குள்ளயே சூப் ஆயிரும்.

நான் மொதல் தடவ சாப்பிட்டப்ப ஃபோர்க்கால நச்சுன்னு குத்துனேன். சூப் பூரா தட்டுல. பரிமாற வந்த அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா பாத்த பார்வை இருக்கே... எங்க ஆச்சி ஞாபகம் வந்துருச்சு.

சரியான முறை இதான். குடுமியப் புடிச்சுத் தலைகீழா தூக்கணும். பக்கவாட்டுல சின்னதா ஒரு கடி. மொதல்ல உள்ள இருக்கற சூப்ப உறிஞ்சணும், அப்புறம் மீதிய சாப்பிடணும். குடுமி மாவா கெட்டியா இருக்கும், அத சாப்பிட மாட்டாங்க. தட்டுலயே வெச்சுருவாங்க. கடைசில யாரு எத்தனை சாப்பிட்டாங்கன்னு எண்ணுறதும் அத வெச்சுத்தான். ஆர்டரும் ப்ளேட் கணக்கு இல்ல, எண்ணிக்கைதான். நாலு, அஞ்சுக்குக் கம்மியா தர மாட்டோம்னு சில எடத்துல சொல்லுவாங்க.

மெனுல 'ம்தியூலுரி'ன்னு இருந்தா மலைக்காரங்க முறை: கறி, வெங்காயம், காரம், அவ்வளவுதான். 'கலகுரி'ன்னா நகரத்து முறை, கொத்தமல்லி மாதிரி தழை எல்லாம் போட்டது. ஒரு எச்சரிக்கை: சாதாரணமா மாட்டுக்கறியும் பன்னிக்கறியும் கலந்துதான் இருக்கும். வேண்டாதவங்க முன்னாடியே கேட்டுக்கோங்க. ஆட்டுக்கறி, காளான், உருளைக்கிழங்கு, சீஸ் வெச்சதெல்லாமும் கெடைக்கும்.

சைவம் சாப்பிடுறவங்க இந்நேரம் வீடியோவ மூடலாமான்னு யோசிச்சிருப்பீங்க. மூடாதீங்க, உங்களுக்குத்தான் இங்க நெறைய இருக்கு. ஜார்ஜியா ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ நாடு. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற பெரிய நோன்பு, அது போக புதன், வெள்ளின்னு வருசத்துல ஏகப்பட்ட விரத நாள். அன்னைக்குக் கறி, பால், முட்டை எதுவும் ஆகாது. அதனால விரதச் சமையல்னே ஒரு தனி வகை இருக்கு, பேரு 'சமர்க்வோ'. அந்த ஒரு வார்த்தைய மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. சீஸ் கூட வேணாங்குற வீகன் ஆளுங்களுக்கும் அதே வார்த்தை போதும்.

[திரையில்: சின்னச் சின்ன உருண்டைகள், பச்சை, சிவப்பு, மேல மாதுளை முத்து.]

இங்கதான் அக்ரூட் வருது. நமக்குத் தேங்காய் எப்படியோ, மேற்கு ஜார்ஜியாவுக்கு அக்ரூட் அப்படி. பூண்டு, கொத்தமல்லி வெதை, வினிகர் சேத்து அரைச்ச அக்ரூட் விழுது. அத வேக வெச்ச கீரைல பெசஞ்சா 'ப்காலி'. பீட்ரூட்ல பெசஞ்சா அதுவும் ப்காலி. வறுத்த கத்திரிக்காய்த் துண்டுல தடவிச் சுருட்டினா 'பத்ரிஜானி'. கோழிய வேக வெச்சு அதுல ஊற வெச்சா 'சத்சிவி'. 'சிவி'ன்னா குளிர்ந்ததுன்னு அர்த்தம், அத ஆறிப்போய்தான் தருவாங்க. சூடு பண்ணித் தாங்கன்னு கேட்டு அசிங்கப்படாதீங்க. புது வருசத்துக்கு அது இல்லாம மேசை கெடையாது.

அந்த விழுதுல ரெண்டு பொருள் இருக்கு, நம்ம மூக்கு உடனே புடிச்சுரும். ஒண்ணு நீலப்பூ வெந்தயம், நம்ம வெந்தயத்தோட பங்காளி, கசப்பு மட்டும் கம்மி. ஜார்ஜிய மொழில பேரு 'உத்ஸ்கோ சுனெலி'. உத்ஸ்கோன்னா அந்நியம். தன்னோட சமையலுக்கே உயிரான ஒரு மசாலாவ 'வெளியூரான்'னு கூப்பிடுறாங்க! இன்னொண்ணு காய வெச்சு இடிச்ச செண்டுமல்லிப் பூ. ஆமா, ஆயுத பூஜைக்கு வண்டில மாலையாத் தொங்குமே, அதேதான். இமெரெத்திக் குங்குமப்பூன்னு பேரு.

இன்னும் பீன்ஸ்ல செய்யுற லோபியோ, மண்சட்டில கொதிக்கக் கொதிக்க வரும். கூட மச்சாடின்னு மக்காச்சோள அடை. தொட்டுக்க 'த்கெமலி', காட்டுப் புளிப்பு பிளம்ஸ் சட்னி. புளி இல்லாத ஊர்ல புளிப்பு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டா, இதான் பதில். காரம் வேணும்னா 'அஜிக்கா', மிளகாயும் பூண்டும் இடிச்ச விழுது. அந்தப் பேரு அப்காசிய மொழிலேர்ந்து வந்தது, அங்க அதுக்கு உப்புன்னு அர்த்தம். ஜார்ஜியாவோட வடமேற்கு மூலைல இருக்கற அப்காசியா இன்னைக்கு ஜார்ஜியா கட்டுப்பாட்டுல இல்ல. ஒரு சின்னக் கிண்ணத்துச் சட்னிக்குள்ள அந்தப் பிரச்சினையும் உக்காந்திருக்கு.

[திரையில்: மண்ணுல கழுத்து வரை புதைச்ச பெரிய தாழிகள்.]

குடிக்கறதப் பத்தி சுருக்கமா. ஜார்ஜியால கெடச்ச பானை ஓடுகள ஆராய்ஞ்சு, கிட்டத்தட்ட 8,000 வருசத்துக்கு முன்னாடியே அங்க ஒயின் செஞ்சிருக்காங்கன்னு 2017ல ஆய்வு வந்துச்சு. குவெவ்ரின்னு பெரிய மண் தாழிய மண்ணுல புதைச்சு, திராட்சைய தோலோட புளிக்க விடுறது அவங்க முறை. 2013ல யுனெஸ்கோ அத பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. மாஸ்கோ மெனுல முன்னாடி நிக்கறது கிண்ட்ஸ்மராவுலி மாதிரி இனிப்பு ஒயின். அது சோவியத் காலத்து நாக்கு. குடிக்காதவங்களுக்கு 'டார்கூன்', பச்சைக் கலர் சோடா. பாக்க மருந்து மாதிரி இருக்கும், குடிச்சா சோம்பு வாசனை. எனக்குப் புடிச்சிருந்துச்சு, என் கூட வந்த நண்பனுக்கு மவுத்வாஷ் ஞாபகம் வந்துருச்சாம்.

[திரையில்: கயித்துல தொங்குற, மெழுகுவத்தி மாதிரி பழுப்பு நிறத் துண்டுகள்.]

கடைசியா இனிப்பு. பெருசா எதுவும் எதிர்பாக்காதீங்க, அதுல அவங்க நாட்டம் கம்மி. வாசல்ல தொங்குமே, அது 'சுர்ச்கேலா'. மெழுகுவத்தின்னு நெனச்சு நான் விலை கேட்டேன். அக்ரூட்ட ஊசி நூல்ல கோத்து, மாவு சேத்துக் காய்ச்சுன திராட்சைச் சாறுல திரும்பத் திரும்ப முக்கிக் காய வெச்சது. பல நாள் கெடாது. ஊருக்கு வாங்கிட்டு வரலாம். வட்டம் வட்டமா நறுக்கிச் சாப்பிடணும்.

நறுக்கறதுக்கு முன்னாடி நூல உருவிருங்க. எனக்கு யாரும் சொல்லல.