180 ரூபாய்க் கைப்பம்பும் தம்பியின் இருமலும்

வணக்கம். நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைத்த சென்ற காணொளியில், சித்தப்பா மகன் கேனில் டியூப்பை விட்டு டீசலை வாயால் உறிஞ்சி ஆயில் இன்ஜினுக்கு இறக்கியதைப் பார்த்திருப்பீர்கள். "இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறோம்" என்று சிலர் கருத்துப் பெட்டியில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பெருமை எனக்கு அறவே பிடிக்கவில்லை.

மறுநாள் உறிஞ்சும்போது அவனுக்குப் புரையேறிவிட்டது. ஒரு மடக்குகூட இருக்காது. வாயைக் கொப்பளித்துவிட்டு வரப்பு வெட்டப் போனவனுக்குச் சாயங்காலம் மூச்சு வாங்கியது, இரவு காய்ச்சல் கண்டது. தஞ்சாவூரில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. டீசல் பிசுபிசுப்புக் குறைந்தது என்பதால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியதும் மெல்லியதாகப் பரவி, காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் படலத்தைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். வாயில் எண்ணெய் வைத்து நெருப்பு ஊதும் வித்தைக்காரர்களுக்கும் இதே நிமோனியா வருமாம்.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: பெரியம்மா உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கப் பார்த்தார், நான் தடுத்துவிட்டேன். மேலே வரும் டீசல் மறுபடியும் நுரையீரலுக்குள் போகும் என்பதால் வாந்தியெடுக்க வைக்கவே கூடாது.

இப்போது என் வெற்றிக்கு வருகிறேன். இனி வாயால் உறிஞ்சாமல் டீசல் இறக்க, சிவப்புக் குமிழ் வைத்த இந்தக் கைப்பம்புக்குக் கும்பகோணத்தில் 250 ரூபாய் சொன்னார்கள். நான் இரண்டு தடவை படியிறங்கி, மூன்றாம் தடவை திரும்பக் கூப்பிட வைத்து, 180க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் குழாய் கேனின் அடியைத் தொடவில்லை, ஒரு லிட்டர் டீசல் அப்படியே தங்குகிறது. பழைய டியூப்பில் ஒரு சாண் வெட்டிச் செருகிய பிறகு, குமிழை நான்கு முறை அமுக்கினால் தானாக ஓடுகிறது.

இன்ஜின் புகையையும் விட்டுவிட்டேனே! உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியது. முகத்தில் கட்டும் துண்டு அந்த நுண்துகளையும் நிறுத்தாது, வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடையும் நிறுத்தாது. அதனால் கொட்டகைக்குள் முடிந்திருந்த புகைக்குழாயைக் கூரைக்கு வெளியே நீட்டிவிட்டேன்.

தம்பி வீடு திரும்பிவிட்டான். இன்னும் வாய்க்கால் கரையேறினால் நின்று மூச்சு விடுகிறான். இன்று குமிழை அவன்தான் அமுக்கினான், "இதற்கா 180?" என்று கேட்டுக்கொண்டே.