பகல் நிலாவும் ஒரு எலுமிச்சம்பழமும்

வணக்கம், நேயர்களே.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்கள், பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கொஞ்சம் வானொலிக்குப் பக்கத்தில் வாருங்கள். பிள்ளைகளுக்கு நிலாவைச் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேசப்போகிறேன். தொலைநோக்கி வேண்டாம், செல்போனும் வேண்டாம். மொட்டை மாடி இருந்தால் நல்லது. இல்லையென்றால் வானம் தெரிகிற வராந்தா போதும். கூடவே சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம்.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நிலாவை வரையச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே மாதிரிதான் வரைவார்கள். கறுப்பு வானம், சுற்றிலும் நட்சத்திரம், நடுவில் செங்குத்தாக நிற்கும் ஒரு பிறை. நீல வானத்தில் நிலாவை வரைகிற பிள்ளை அபூர்வம். ஆனால் மாதத்தில் பாதி நாளுக்கு மேல் நிலா பகலிலும் வானத்தில் இருக்கத்தான் செய்கிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் பகல் நிலாவிலிருந்து தொடங்குங்கள். தினசரி காலண்டரில் அஷ்டமி என்றைக்கு வருகிறது என்று பாருங்கள். அஷ்டமி, நவமியில் நாம் நல்ல காரியம் தொடங்குவதில்லை. நிலா பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. வளர்பிறை அஷ்டமியன்று, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாலு, நாலரை மணிக்கு, கிழக்கே அரை நிலா ஏறிக்கொண்டிருக்கும். தேய்பிறை அஷ்டமியன்று, காலை ஏழு மணிக்கு நீங்கள் துணி காயப்போட மாடிக்குப் போகிற நேரத்தில், உச்சிக்குப் பக்கத்தில் வெளுத்துப்போய்த் தெரியும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

போனதும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிள்ளை பார்க்கட்டும். நாம் அப்புறம் பேசலாம்.

ஒரு ஹவுசிங் போர்டு மாடியில் நடந்ததைச் சொல்கிறேன். தேய்பிறை அஷ்டமி, காலை நேரம். ஏழெட்டுப் பிள்ளைகள். நிலா ஏன் பாதியாக இருக்கிறது என்று கேட்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "பூமியோட நிழல் அது மேல விழுது டீச்சர்" என்று அடித்துச் சொன்னான். அவன் மட்டுமா சொல்கிறான்? நன்றாகப் படித்த பெரியவர்களே நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. "சரி, பூமியோட நிழல் இப்ப எந்தப் பக்கம் போகுது, காட்டு" என்றேன். பையன் வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நிழல் மேற்குப் பக்கமாக நீளமாக விழுந்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறியிருந்தது. அதைப் பார்த்தாள், நிலாவைப் பார்த்தாள். "டீச்சர், சூரியன் அந்தாண்ட கீது. பூமி நம்ம காலுக்குக் கீழ கீது. நிழலு எப்டி மேல போவும்?" என்றாள்.

இதைவிடச் சரியாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்ல முடியாது, நேயர்களே. காலைச் சூரியன் கிழக்கே இருந்தால் பூமியின் நிழல் நேர் எதிரே, மேற்கே, அடிவானத்துக்கும் கீழே போகிறது. உச்சியில் இருக்கிற நிலாவுக்கு அது எட்டவே எட்டாது.

அப்புறம்தான் அந்த எலுமிச்சம்பழத்தை ஒரு துடைப்பக்குச்சியில் குத்தி அவள் கையில் கொடுத்தேன். வெயில் படுகிற இடத்தில் நின்று, கையை நன்றாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பழத்தை வானத்து நிலாவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். பழத்தில் சூரியனைப் பார்த்த பாதி பளீரென்று மஞ்சள், மறுபாதி மங்கல். பக்கத்தில் நிலாவும் அதே வடிவம், அதே சாய்வு. வெளிச்சமும் இருட்டும் சேர்கிற கோட்டில் மட்டும் பழத்தோலின் சின்னச் சின்னக் குழிகள் துல்லியமாகத் தெரிந்தன. நிலாவிலும் அந்தக் கோட்டுப் பக்கம்தான் பள்ளங்கள் நன்றாகத் தெரியும். யாரிடமாவது பைனாகுலர் இருந்தால் வாங்கிப் பாருங்கள். குச்சி கை மாறிக்கொண்டே போனது. நிழல் என்று சொன்ன பையன் இரண்டாவது தரமும் வாங்கிப் பார்த்தான்.

சூரிய வெளிச்சம் எப்போதும் நிலாவின் பாதியில் விழுகிறது. அந்தப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறது என்பதுதான் பிறை. பூமியின் நிழல் நிலா மேல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு இந்தியா முழுக்கத் தெரிந்ததே, அதுபோல. அதுவும் பௌர்ணமியில்தான் நடக்கும். நிலாவின் பாதை ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதால் எல்லாப் பௌர்ணமியிலும் நடக்காது. ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் நிலாவைத்தான் பார்க்க வேண்டும், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது.

இரவு நிலாவுக்கு வருகிறேன். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையிலிருந்து தொடங்குங்கள். தினமும் சாயங்காலம் அதே நேரம், மாடியில் அதே இடம். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய நிலாவைப் பிள்ளை வரையட்டும். கையை நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால், நேற்று இருந்த இடத்திலிருந்து ஒரு மடக்கிய கைக்குச் சற்று அதிகமாக நிலா கிழக்கே நகர்ந்திருப்பது தெரியும். பௌர்ணமிக்குப் பிறகு, சராசரியாக ஐம்பது நிமிடம் ஐம்பது நிமிடமாகத் தாமதித்து உதிக்கும். மாசி, பங்குனியில் நம் ஊர் மேற்கு வானத்தில் இளம்பிறை நிற்காது, படகு மாதிரி படுத்திருக்கும். கண்ணால் பார்த்த பிள்ளை அதற்கப்புறம் படத்தை மாற்றி வரையும். அப்படி மாற்றி வரைந்த தாளைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

பிறை பார்ப்பதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரம்ஜான் பிறைக்கு மண்ணடியில் மேற்கே பார்த்து நிற்கிறவர்கள் எத்தனை பேர்! பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் கோயிலில் எவ்வளவு கூட்டம்! அந்தப் பௌர்ணமி சாயங்காலமே காசிமேடு பக்கம் போய், சூரியன் மறைகிற நேரத்தில் கடலிலிருந்து நிலா எழுவதைக் காட்டுங்கள். எவ்வளவு பெரிசு என்று பிள்ளை வாய் பிளக்கும். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைக்கச் சொல்லுங்கள், நகத்துக்குள் அடங்கிவிடும். இரவு ஒன்பது மணிக்கு உயரே போனபிறகும் அதே நகத்தால் அளக்கட்டும். அளவு மாறியிருக்காது. பெரிதாகத் தெரிந்தது நம் மனசுக்குத்தான்.

தூரத்தையும் விளையாட்டாகவே காட்டலாம். வியாசர்பாடியில் ஃபுட்பால் இல்லாத தெரு ஏது? ஃபுட்பால்தான் பூமி என்றால், நிலாவுக்கு ஒரு டென்னிஸ் பந்து சரியாக இருக்கும். இரண்டையும் எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று முதலில் பிள்ளைகளிடமே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு முழம், இரண்டு முழம் என்று வைப்பார்கள். சரியான இடம் ஏறக்குறைய 22 அடி தள்ளி. வீட்டுக்குள் இடம் போதாது, காரிடாருக்கு வந்துவிட வேண்டியதுதான். நிஜத்தில் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஜூலை 14 அன்று கிளம்பி, ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்துப் பக்கம் இறங்கியது. அந்த 22 அடியை நடந்து பார்த்த பிள்ளையிடம் இதைச் சொன்னால் நாற்பது நாள் பயணம் மனசில் பதியும்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். கடல் ஏற்றவற்றம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். நம் கரையில் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுக்குத்தான். ஆனாலும் காசிமேட்டுக் கரையில் கொட்டியிருக்கிற கற்களில் ஈரம் எதுவரை இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். தள்ளி நின்றே பாருங்கள். கற்கள் வழுக்கும், பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம். தட்டில் மைதாவைக் கொட்டி, மேலே கலர்ப் பொடி தூவி, கோலியைப் போட்டு நிலாப் பள்ளம் செய்வதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடியிருக்கும் நாட்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.