பேட்டர்நாஸ்டரர்னா யாரு?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். மணி, பாசி, பவளம்னு எதையாவது கோத்துக்கிட்டே இருக்கிற ஆளு நான். அதுலயும் செபம் எண்றதுக்குன்னு மாலை செஞ்சவங்களுக்கு இங்கிலீஷ்ல ஒரு பழைய பேரு உண்டு, இப்ப யாரும் அதிகமா சொல்றதில்ல. பேட்டர்நாஸ்டரர். ரேடியோவுல எழுதிக் காட்ட முடியாதே, அதனால இன்னொரு தடவை மெதுவா சொல்றேன், பேட்டர்... நாஸ்டரர்.

பேட்டர் நாஸ்டர்ங்கிறது லத்தீன், 'எங்கள் தந்தையே'ன்னு அர்த்தம், ஏசு கத்துக்கொடுத்த செபம் அப்படித்தான் ஆரம்பிக்கும். ருத்ராட்சம் உருட்டுறவங்க, தஸ்பீஹ் மணி எண்றவங்க, செபமாலை சொல்றவங்க எல்லாரையும் நீங்க பார்த்திருப்பீங்க, வாய் பாட்டுக்கு சொல்லிக்கிட்டே இருக்கும், கணக்கை விரல் பார்த்துக்கும். ஐரோப்பாவுலயும் அந்த செபத்தை எண்ணத்தான் மாலை வச்சிருந்தாங்க, போகப்போக மாலைக்கே பேட்டர்நாஸ்டர்னு பேராயிடுச்சு, அதைச் செய்றவரு பேட்டர்நாஸ்டரர். மணியை இங்கிலீஷ்ல சொல்ற பீட்ங்கிற வார்த்தைக்கும் முதல்ல பிரார்த்தனைன்னுதான் அர்த்தம், மணிங்கிற அர்த்தம் அப்புறம்தான் வந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம என்னால மேல போக முடியாது. காடைவான்னு ஒரு சீமாட்டி, 11-ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்துல கவன்ட்ரி ஊருக்காரங்க. ஆமா, உடம்புல துணியில்லாம குதிரை மேல போனாங்கன்னு கதை சொல்வாங்களே அவங்களேதான், குதிரையை விடுங்க, அதை நம்புறதுக்கு ஆதாரம் கம்மி. வில்லியம்னு ஒரு துறவி, மால்ம்ஸ்பரி மடத்துக்காரர், 1125 வாக்குல எழுதி வச்சிருக்கார்: அந்தம்மா ரத்தினக் கற்களை நூல்ல கோத்து வச்சுக்கிட்டு, ஒரு செபத்துக்கு ஒரு கல்லுன்னு தொட்டுத் தொட்டு, எண்ணிக்கை தப்பாம சொல்வாங்களாம். சாகும்போது அந்தச் சரத்தை மாதா சிலை கழுத்துல போடச் சொல்லி கவன்ட்ரி மடத்துக்கு எழுதி வச்சுட்டாங்க. எத்தனை கல்லு, என்ன கல்லுன்னு அந்த மனுஷன் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா, மணி கோக்கிறவங்களுக்கு அதுதானே முதல்ல வேணும்!

சரி, எல்லாரும் சீமாட்டி இல்லையே, சாதாரண ஜனத்துக்கு எலும்பு மணிதான். ஜெர்மனியில கான்ஸ்டான்ஸ்னு ஏரிக்கரை ஊரு, அங்க பழைய குப்பையைத் தோண்டினப்ப துளைபோட்ட எலும்புப் பட்டைங்க குவியலா கிடைச்சுது. மாட்டுக் கால் எலும்பை நீளமா சீவி, நடுவுல ஒரு முனையும் ரெண்டு பக்கமும் பல்லும் இருக்கிற துரப்பணத்தை வச்சு பாதி ஆழம் வரைக்கும் குடைவாங்க, திருப்பிப் போட்டு மறுபக்கம் குடைவாங்க, ரெண்டும் சந்திக்கிற இடத்துல மணி டக்குன்னு கழண்டு விழும், நடுமுனை போட்ட ஓட்டையிலயே நூலைக் கோத்துடலாம். மிச்சப் பட்டை பார்க்க மாத்திரை எல்லாம் எடுத்துட்ட அட்டை மாதிரியே இருக்கும். மணி ஊர் ஊரா போயிடுச்சு, குப்பைதான் செஞ்ச இடத்தைக் காட்டிக்கொடுக்குது.

பாரிஸ்ல இன்னும் கறார். 1268 வாக்குல எத்தியேன் புவாலோன்னு நகர அதிகாரி ஒருத்தர் தொழிற்சங்க விதியெல்லாம் எழுதி வாங்கினார், அதுல எலும்பும் கொம்பும் ஒரு சங்கம், பவளமும் சிப்பியும் ஒண்ணு, மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பரும் கறுப்பா பளபளக்கிற ஜெட்ங்கிற கல்லும் இன்னொண்ணுன்னு மணி செய்றவங்களுக்குள்ளயே தனித்தனி. லண்டன்ல செயின்ட் பால் கோயிலை ஒட்டி பேட்டர்நாஸ்டர் ரோன்னு தெருவே உண்டு. லண்டன் ஊரைப் பத்தி ஜான் ஸ்டோவ்ங்கிறவரு 1598-ல எழுதும்போது, ராஜா நாலாம் ஹென்றி காலத்து ராபர்ட் நிக்கேன்னு ஒரு பேட்டர்நாஸ்டர் செய்றவரை பேர் சொல்லியே குறிப்பிடுறார். பக்கத்துல ஏவ் மரியா லேன், ஆமென் கார்னர், பேரே செபம் மாதிரிதான்.

அப்புறம் ஏன் இந்த வார்த்தை போச்சு? வாங்க ஆள் இல்ல. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1538-ல மணி உருட்டி செபம் சொல்றது மூடநம்பிக்கைன்னு உத்தரவு போட்டார், 1571-ல எலிசபெத் காலத்துச் சட்டம் ரோம்ல இருந்து மந்திரிச்ச மணி கொண்டுவந்தாலே குத்தம்னுச்சு. தெருவை புஸ்தகக் கடைங்க பிடிச்சுக்கிச்சு, அதுவும் ரெண்டாம் உலகப் போர்ல, 1940 டிசம்பர் 29 ராத்திரி விழுந்த குண்டுல எரிஞ்சு போச்சு.

இப்ப சிலபேரு மணிவேலை செய்ற எல்லாரையும் பேட்டர்நாஸ்டரர்னு சொல்றாங்க, கேக்க அழகா இருக்குங்கிறதுக்காக. எனக்கு அது ஒப்பலைங்க. சேலையில மணி தைக்கிறவங்க வேற, காதுக்கு தொங்கல் பண்றவங்க வேற, எண்றதுக்குன்னு மாலை செய்றவங்களுக்கு மட்டும்தான் இந்தப் பேரு. பீட்ஸ்மேன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, அவரு மணி செய்றவரே இல்ல, காசோ சோறோ வாங்கிக்கிட்டு அடுத்தவங்களுக்காக செபம் பண்றவரு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க, நேரமாயிடுச்சாம். இத்தாலியில முரானோ தீவுல செய்ற கண்ணாடி மணி பத்தி நிறைய வச்சிருந்தேன், போச்சு. ஒண்ணே ஒண்ணு, நிக்காம சுத்திக்கிட்டே இருக்கிற பழைய லிஃப்ட்டுக்கும் பேட்டர்நாஸ்டர்னுதான் பேரு, பெட்டிங்க மாலை மாதிரி கோத்து வர்றதால. தூண்டில்ல வரிசையா முள்ளு கட்டுறதுக்கும் அதே பேருதான், மலையில தொடர்ச்சியா கிடக்கிற ஏரிகளுக்கும்... சரி சரி, முடிச்சுக்கிறேன். வணக்கம்.