வைட் லென்ஸில் ஒரு ஓரம் மட்டும் மங்கல்: லென்ஸ் கோளாறா, சோதித்த விதமா?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்கிறார்: "அண்ணா, 16-35 எஃப் 2.8 லென்ஸ் புதிதாக வாங்கினேன். வீட்டுச் சுவரைப் படம் எடுத்துப் பார்த்தால் இடது ஓரம் மட்டும் மங்கலாக இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லலாமா, இல்லை வைட் லென்ஸ் என்றாலே இப்படித்தானா?"

முதலில் அந்தச் சுவரை மறந்துவிடுங்கள். 16 எம்எம்மில், அதாவது இந்த ஜூம் மிக அகலமாகப் பார்க்கும் முனையில், வீட்டுச் சுவரை எடுக்க வேண்டுமானால் அதற்கு ரொம்பக் கிட்டே நிற்க வேண்டும், அந்தத் தூரத்தில் கேமரா துளி திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் ஃபோகஸை விட்டு நழுவிவிடும். பழி லென்ஸ் மேல் விழும்.

ஆனால் லென்ஸ் மீதும் தவறு இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி லென்ஸுக்குள் பதினைந்து பதினாறு கண்ணாடிகள் இருக்கும், அதில் ஒன்று இம்மி சாய்ந்தாலும் ஒரு ஓரம் போய்விடும். 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 4.4 மைக்ரான், எஃப் 2.8-இல், அதாவது அப்பர்ச்சர் என்கிற லென்ஸ் துவாரம் முழுதாகத் திறந்திருக்கும்போது, சென்சார் பக்கம் ஃபோகஸுக்குக் கிடைக்கிற இடம் கணக்குப் போட்டால் 0.025 மில்லிமீட்டர்தான், தலைமுடி அதைவிடத் தடிமன். அமெரிக்காவில் லென்ஸ் வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸைச் சேர்ந்த ரோஜர் சிகாலா, ஒரே மாடலில் பத்து லென்ஸ்களை ஆப்டிகல் பெஞ்ச் என்ற சோதனைக் கருவியில் அளந்து வெளியிட்டு வந்தார். எந்த மாடலிலும் பத்தும் ஒன்றுபோல இருக்காது, அதிலும் ஜூம் லென்ஸில் வித்தியாசம் கூடுதல்.

சரி, எப்படிப் பார்ப்பது? காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மொட்டைமாடிக்குப் போங்கள், மதியம் போனால் அனல் காற்றிலேயே தூரத்துப் பொருள் நெளியும். முந்நூறு நானூறு மீட்டர் தள்ளி ஒரு செல்போன் டவர் இருந்தால் போதும். ட்ரைபாட், இரண்டு செகண்ட் டைமர், நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் ஆஃப். 16 எம்எம், எஃப் 2.8 வைத்து, டவரை நடுவில் கொண்டுவந்து, திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். அப்புறம் ஃபோகஸைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி, அதே டவரை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் ஒவ்வொரு படம். டவரின் குறுக்குக் கம்பிகளைப் பாருங்கள். நான்கு மூலையும் ஒரே மாதிரி மங்கல் என்றால் அந்த லென்ஸின் வடிவமைப்பே அப்படி, மாற்றினாலும் வருவது அதேதான். மூன்றில் கம்பி கம்பியாகத் தெரிந்து ஒன்றில் மட்டும் கம்பிக்கு நிழல் விழுந்த மாதிரி இழுத்திருந்தால், அது டீசென்டரிங், அதாவது உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்தோ விலகியோ போன கோளாறு. இதையே 24-லும் 35-லும் செய்ய வேண்டும், ஏனென்றால் ஜூமில் ஒரு முனை சரியாக இருந்து மறுமுனை சொதப்பும்.

கடைக்குப் போவதற்கு முன் வேறொரு லென்ஸ் போட்டும் எடுத்துவிடுங்கள். அதிலும் அதே மூலை மங்கினால் கேமராவில் லென்ஸ் மாட்டும் மவுன்ட்டையோ சென்சாரையோதான் சந்தேகப்பட வேண்டும். அடாப்டர் போட்டிருந்தால் அதையும். கேனான் ஈஎஃப் லென்ஸைச் சோனியில் மாட்ட 26 மில்லிமீட்டர் அடாப்டர் வேண்டும், மலிவான அடாப்டர் கொஞ்சம் சாய்வாக இருந்தாலும் வைட் லென்ஸ் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள், முன்னால் ஃபில்டர் மாட்டும் வளையத்தில் நசுங்கல் இருந்தால் அது ஒருமுறை கீழே விழுந்த லென்ஸ். விலை எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

துவாரத்தைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் வித்தியாசம் மறைந்துவிடுகிறது, நீங்கள் எடுப்பதும் பகல் நேர இயற்கைக் காட்சிதான் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் எடுப்பவர் என்றால் மாற்றுங்கள், திறந்த அப்பர்ச்சரில் அந்த மூலை ஒவ்வொரு படத்திலும் உறுத்தும். ஆனால் ஒருமுறைதான் மாற்ற வேண்டும். நான் ஒரு 20 எம்எம்மை இரண்டு தடவை மாற்றினேன். மூன்றாவதாக வந்ததற்கு வலது மேல் மூலையே இல்லை, முதலில் கொடுத்ததே தேவலாம் என்று ஆகிவிட்டது, அதற்குள் அதை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.

உங்கள் பில்லில் எத்தனை நாளுக்குள் மாற்றலாம் என்று போட்டிருக்கிறது பாருங்கள். அதற்குள் ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள்.